அண்ணன் கேட்ட ஏலம்

ஜெலுத்தோங்கில் இருந்த இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பை விற்க சவுந்தரம் மூன்று வருஷமாகப் போராடிக்கொண்டிருந்தாள். துறைமுகக் குமாஸ்தாவாக இருந்த அப்பா, அதை அவளுக்கும் அண்ணன் ஹென்றிக்கும் சரிபாதியாக எழுதிவைத்துவிட்டு 1924இல் கண்ணை மூடினார். இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும். அவளுக்கு வயது முப்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை, கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அண்ணன் வீட்டுப் பின்னறையில், அண்ணியின் தையல் மெஷினுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவே படுத்து எழுந்தாள். தன் பங்குப் பணத்தில் மாதா கோயில் பக்கமாகச் சின்னதாக ஒரு பலகை வீடு வாங்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

தரகர் பழனியப்பன் சனிக்கிழமைதோறும் யாரையாவது கூட்டிவருவார். சவுந்தரம் ரிக்‌ஷா பிடித்துப் போய், கொசுக்கடியில் நின்று எல்லைக்கல் ஒவ்வொன்றையும் காட்டுவாள். வந்தவர்கள் இளநீர் குடிப்பார்கள், வீட்டில் கேட்டுச் சொல்கிறோம் என்பார்கள், போய்விடுவார்கள். தப்பித்தவறி ஒருவர் நல்ல விலை சொன்னால் ஹென்றி குறுக்கே விழுவான். கெப்பாலா பத்தாஸிலிருந்து வந்த ஒருவர் அச்சாரத்தோடு வாசலில் நின்றபோதுகூட, கிறிஸ்துமஸுக்குப் பிறகு விலை ஏறும் என்று சொல்லி அனுப்பிவிட்டான். விலை ஏறவில்லை. அந்த மனிதரும் திரும்பி வரவில்லை.

கடைசியில் பழனியப்பனே கையை விரித்துவிட்டார்.

"டீச்சரம்மா, ஒங்கண்ணன் விக்க மாட்டார்லா. நான் நடந்து செருப்புத் தேஞ்சதுதான் மிச்சம்."

மறுநாளே சவுந்தரம் பீச் ஸ்திரீட்டில் இருந்த ஓர் ஏலக் கம்பெனியின் படியேறினாள். பத்திரிகையில் விளம்பரம் வரும். வேண்டியவர்கள் ஒரே நாளில் வந்து கேட்பார்கள். சுத்தியல் விழுந்தால் வாங்குகிறவர் அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கால் பங்குப் பணம் கட்ட வேண்டும். மீதி ஒரு மாதத்தில். அவளுக்குப் பிடித்தது அந்தத் தேதிதான். மூன்று வருஷத்தில் யாரும் அவளுக்கு ஒரு தேதி சொன்னதில்லை.

ஹென்றி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். இதற்குக் கீழே விற்கக் கூடாது என்று அவனே ஒரு விலையையும் எழுதிக்கொடுத்தான். அந்த விலைக்கு ஒருவனும் கேட்க மாட்டான் என்பது அவன் கணக்கு.

ஏலத்தன்று காலையிலிருந்து மழை. கூடத்தில் பத்துப் பேர்கூட இல்லை. ஏலக்காரர் இரண்டு தரம் விலை கூவியும் எல்லோரும் குடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதுவும் போச்சு என்று சவுந்தரத்துக்கு நெஞ்சு கசந்தது. அப்போதுதான் பஷீர் கையைத் தூக்கினார். தோப்பை ஒட்டி விறகுத் தொட்டி வைத்திருப்பவர். சாக்கடைத் தகராறில் ஹென்றியோடு ஆறு வருஷமாகப் பேச்சில்லாதவர். தொக்கே என்று எல்லோரும் அழைக்கும் ஒரு சீன முதலாளியும் கேட்டார். இருவரும் மாறி மாறிக் கேட்க, ஹென்றி எழுதிக்கொடுத்த விலையையும் ஏலம் தாண்டிவிட்டது. தொக்கே வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார்.

ஒரு தரம். ரெண்டு தரம்.

"அம்பது வெள்ளி கூட" என்று ஹென்றி எழுந்து நின்றான்.

சவுந்தரம் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அண்ணே, அது நம்ம நெலம்."

"அவங்கிட்டயா போவணும்?"

சொந்தக்காரரும் கேட்கலாம், ஆனால் மற்றவர்களைப் போலவே பணம் கட்டியாக வேண்டும் என்று ஏலக்காரர் எச்சரித்தார். ஹென்றி காதில் அது ஏறவேயில்லை. பஷீர் ஏற்ற ஏற்ற இவனும் ஏற்றினான். ஒரு கட்டத்தில் பஷீர் சிரித்துக்கொண்டே குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். சுத்தியல் விழுந்தது.

குமாஸ்தா ரசீதுப் புத்தகத்தைத் திறந்த பிறகுதான் ஹென்றிக்கு வேர்த்தது. தங்கையை ஓரமாக அழைத்துப்போனான். சொந்தக்காரர்கள் இருவரும் சேர்ந்து சொன்னால், கம்பெனிக் கூலியை மட்டும் வாங்கிக்கொண்டு ஏலத்தை ரத்து செய்துவிடுவார்களாம்.

"ஒரு வார்த்த சொல்லிடு சவுந்தரம். வேற ஆளு பாத்துக்கலாம். வெல ஏறும்."

அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டதும் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அத்தனை சனிக்கிழமைகளும் நினைவுக்கு வந்தன.

"சொல்ல மாட்டேண்ணே. நீதான் கேட்ட, ஒனக்குத்தான் விழுந்துச்சு. எம் பாதிய எனக்குக் குடுத்துடு."

ஹென்றி அவளை முறைத்துப் பார்த்தான். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி ஈடாக மேசையில் வைத்துவிட்டு, சாயங்காலத்துக்குள் கால் பங்குப் பணத்தோடு வருவதாகச் சொல்லிப் போனான். ஆசையாக வாங்கியிருந்த பழைய மோட்டார் காரை அன்றே விற்றான்.

மீதிப் பணம் ஒரு மாதத்தில் வரவில்லை. சவுந்தரம் கம்பெனிக்கு நான்கு முறை நடந்தாள். வீட்டில் அண்ணி அவளுக்குத் தட்டு வைப்பதை நிறுத்திவிட்டாள். எழுபதாம் நாள் பணம் வந்தபோது, அவள் பார்த்து வைத்திருந்த பலகை வீட்டை வேறு யாரோ வாங்கியிருந்தார்கள். கிடைத்தது கோயிலுக்கு வெகுதூரம். அடுப்படிக் கூரை ஒழுகியது.

குடிபோன அன்று ஹென்றி வரவில்லை. கூரையைச் சரிசெய்யத் திங்கட்கிழமை வருவதாகச் சொன்ன தச்சனும் வரவில்லை. தச்சனைத் திட்டிக்கொண்டே ஒழுகுகிற இடத்தில் அண்டாவை வைத்துவிட்டு, சவுந்தரம் முன்னறையில் உட்கார்ந்து பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்தத் தொடங்கினாள்.