ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம்

மூன்றாவது சாக்கின் வாயைக் கட்டிவிட்டுத் தம்பி நிமிர்ந்தான். "அக்கா, இன்னும் ரெண்டு சாக்கு கிடைக்குமா?"

"மாடிப்படிக்குக் கீழ பாரு."

அவள் கணவர் நேற்றுக் காலை எட்டு மணிக்கு மாரடைப்பில் போய்விட்டார். இப்போது கூடத்தில் படுத்திருந்தார். வந்தவர்களுக்கு நாற்காலி போட இடமில்லை. அதனால் தரையெங்கும் கிடந்த அட்டைகளைத் தம்பி அள்ளிக்கொண்டிருந்தான்.

மனிதர் முப்பத்தைந்து வருஷமாக ஆங்கிலம்–தமிழ் அகராதிக்குச் சொல் சேர்த்தவர். ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை உண்டு, எந்த அட்டைக்கும் ஓர் இடம் கிடையாது. கட்டிலில் கிடக்கும், குளியலறை ஜன்னலில் கிடக்கும், ஒருமுறை சர்க்கரை டப்பாவுக்குள்ளேயே கிடந்தது. அவளோ ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். வயிற்றுக்குள் வைத்த பஞ்சுகளின் கணக்கு சரியாக வரும்வரை தைக்க விடாமல் டாக்டரையே நிறுத்தி வைத்தவள். இந்த இரண்டு பேருக்கும் முடிச்சுப் போட்டவர் யாரோ, நல்ல குறும்புக்காரராக இருந்திருக்க வேண்டும்.

நாத்தனார் மூக்கைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அண்ணி, கடைசியா அண்ணன்கிட்ட என்ன பேசினீங்க?"

காலையிலிருந்து இது நான்காவது முறை. முதலில் கேட்ட பக்கத்து வீட்டுக்காரியிடம், 'சாப்பிட வாங்க' என்று கூப்பிட்டதாகச் சொல்லியிருந்தாள். ஆள் மாற மாற அது வளர்ந்துகொண்டே போனது.

"நீங்க வந்தாத்தான் நானும் சாப்பிடுவேன்னு சொன்னேன்," என்றாள்.

"எங்கண்ணன் குடுத்து வச்சவரு," என்று நாத்தனார் தேம்பினாள்.

உண்மையில் சொன்னது வேறு. கட்டில் முழுக்க அட்டையைப் பார்த்ததும் வயிறு எரிந்து கத்தியிருந்தாள்: "மனுஷன் இருக்குற எடமா இது? நீங்க பாட்டுக்குப் பரப்பிப் போட்டுட்டுப் போயிடுவீங்க, அள்ளிக் கொட்ட நான் ஒருத்தி இருக்கேன்ல!" சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனவள் திரும்பி வந்தபோது அவருக்கு உயிர் இல்லை. எத்தனையோ பேரின் கடைசி நிமிஷத்தில் கையைப் பிடித்துக்கொண்டு நல்ல வார்த்தை சொன்னவள், சொந்தப் புருஷனிடம் 'போயிடுவீங்க' என்றிருக்கிறாள். வாய்முகூர்த்தம் பலித்துவிட்டது.

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. அகராதி ஆபீஸில் கணவரோடு வேலை பார்ப்பவர். அரைப்புள்ளி கால்புள்ளிக்கெல்லாம் சண்டை போடுவதால் 'கமா' என்று பெயர். உள்ளே வந்தவர் நண்பரைப் பார்த்துக் கண் கலங்கினார். அப்புறம் சாக்குகளைப் பார்த்தார். "ஐயையோ!"

"குப்பைதான் சார்," என்றான் தம்பி.

"குப்பையா? அதுல 'மெஸ்' இருக்குதய்யா!"

ஆங்கிலத்தில் ஒரு வீடு கண்டபடி இறைந்து கிடப்பதைச் சொல்லும் அந்த ஒரு சொல்லுக்காக எட்டு மாதமாக அச்சு வேலை நின்றிருந்தது. ஆபீஸில் 'ஒழுங்கின்மை' என்று போட்டு முடித்துவிடலாம் என்றார்கள். அவள் கணவர் குதித்தாராம்.

கமா அவரைப் போலவே கையை ஆட்டிக்கொண்டு சொன்னார். "'ஒழுங்கின்மைன்னு சொல்லி எந்தப் பொண்டாட்டியாவது புருஷனத் திட்டியிருக்காளா? களேபரம்னா சத்தம் வேணும். குழப்பம்னா அது மண்டைக்குள்ள. இது வேற. ஒருத்தன் போடணும், இன்னொருத்தர் பொறுமிக்கிட்டே எடுக்கணும். ஒரு உயிருள்ள வாக்கியம் கிடைக்கட்டும்'னாரு. நேத்துக் காலையில ஏழே முக்காலுக்கு போன். 'கிடைச்சிருச்சுய்யா, வந்து வாங்கிட்டுப் போ!' சிரிப்புன்னா சிரிப்பு, அப்படி ஒரு சிரிப்பு, சிஸ்டர்."

ஏழே முக்கால். அப்போது அவள் அடுப்படியில் இருந்தாள். கத்திவிட்டுப் போய் ஐந்து நிமிஷம்தான் ஆகியிருக்கும்.

"சாக்க அவுக்காதீங்க," என்றாள்.

யார் கேட்டார்கள்? தம்பி ஒன்றை அவிழ்க்க, கமா இன்னொன்றைக் கவிழ்க்க, துக்கத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு கை அட்டையோடு உட்கார்ந்துவிட்டார்கள். நாத்தனார்தான் கெட்டிக்காரி. நேராகப் போய் அண்ணனின் மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்தாள். மடித்து வைத்த ஓர் அட்டை இருந்தது.

"மெஸ்," என்று உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். "எடுத்துக்காட்டு: 'மனுஷன் இருக்குற எடமா இது? நீங்க பாட்டுக்குப் பரப்பிப் போட்டுட்டு... அள்ளிக் கொட்ட நான் ஒருத்தி இருக்கேன்ல!' சொன்னவர்: மனைவி. " நேற்றுத் தேதியும் காலை ஏழு நாற்பது என்ற நேரமும் போட்டிருந்தது.

நாத்தனார் அட்டையையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்க வந்தாத்தான் சாப்பிடுவேன்னு சொன்னதா..."

"இல்ல. திட்டினேன்," என்றாள் அவள். "நல்லாத் திட்டினேன்."

முதலில் சிரித்தது நாத்தனார்தான். மூக்கு ஒழுக ஒழுகச் சிரித்தாள். பிறகு தம்பி, பிறகு வாசல்வரை எல்லோரும்.

அவள் அட்டையைக் கையில் வாங்கினாள். 'போட்டுட்டு' என்பதற்குப் பிறகு மூன்று புள்ளிகள் இருந்தன.

"இங்க என்னமோ விட்டிருக்காரு," என்றார் கமா. "என்ன சொன்னீங்க சிஸ்டர்? சேர்த்துடலாம்."

"இந்தப் புள்ளின்னா என்ன அர்த்தம்?"

"தேவையில்லாதத எடுத்துட்டோம்னு அர்த்தம்."

ஒரு நாள் முழுக்க அவளைக் குத்திக் கிழித்த சொல் அவருக்குத் தேவையே படவில்லை. கேட்டார், வேண்டாம் என்று விட்டார், மிச்சத்தை வைத்துக்கொண்டு சிரித்தார். அவளுக்கு அழுகை வந்தது, கூடவே அப்பாடா என்றிருந்தது.

"அப்ப அப்படியே இருக்கட்டும். அவர் வெட்டினதுல நான் கை வைக்க மாட்டேன்."

வண்டி வந்துவிட்டதாகச் சொன்னார்கள். அவள் அட்டைகளுக்கு நடுவே கால் வைத்து அவர் தலைமாட்டுக்குப் போனாள். தண்ணீர் தொட்டுப் படியப் படிய வாரி, நேர்வகிடு எடுத்து விட்டிருந்தான் தம்பி. யாரோ பள்ளிக்கூடத்துப் பிள்ளை போலிருந்தது. ஐந்து விரலையும் உள்ளே விட்டு, வகிடு தெரியாதபடி நன்றாகக் கலைத்துவிட்டாள்.

"இப்ப தூக்குங்க," என்றாள்.