கரிவண்டியும் கண்டவன் சட்டமும்

யுத்தம் ஐந்தாம் ஆண்டைத் தொட்டிருந்தது. பெட்ரோல் என்பது அரசாங்கச் சீட்டில் மட்டும் காணக்கிடைக்கும் பொருளாகிவிட்டபடியால், சங்கரன்கோவில் குமுதவல்லி மோட்டார் சர்வீஸின் நான்கு பஸ்களும் முதுகில் ஆளுயர உலையைச் சுமந்துகொண்டு, அதில் கரி எரிந்து கிளம்பும் வாயுவினால் ஓடிக்கொண்டிருந்தன. ஓடின என்பது மரியாதைக்காகச் சொல்வது. பாதி தூரம் அவை ஓடும். மீதி தூரம் பிரயாணிகள் தள்ளுவார்கள்.

கம்பெனியின் மானேஜர் முத்துக்குமாரசாமி, அதற்கு முன் தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்தவர். நேர்மையானவர், சோம்பல் அறியாதவர். காகிதத்தில் எழுதி ஒட்டிய சட்டம் தானாகவே நடந்துவிடும் என்று நம்பியது ஒன்றுதான் அவரிடம் இருந்த குறை. மூன்று வருஷத்துக்கு முன் அவர் பதவியேற்றபோது ஷெட்டில் ஒருவர் குறையை மற்றவர் மேல் போட்டுக்கொண்டு ஓயாத சச்சரவு. அதைத் தீர்க்க வேண்டுமென்று யோசித்து யோசித்து ஒரு சட்டம் எழுதி, ஷெட்டின் கதவில் பசை தடவி ஒட்டினார். ‘வண்டியில் எந்தக் குறையை யார் கண்டு சொல்கிறாரோ, அதை அவரே முன்னின்று சரிசெய்து முடித்த பிறகுதான் வீட்டுக்குப் போக வேண்டும்.’

சச்சரவு அன்றோடு நின்றது. ஷெட்டில் சத்தமே இல்லை. முத்துக்குமாரசாமிக்கு அதில் மிகுந்த பெருமை. ஆட்கள் அதற்குக் ‘கண்டவன் சட்டம்’ என்று பெயர் வைத்திருந்தது மட்டும் அவர் காதுக்கு எட்டவில்லை.

நவம்பர் மாத மழையோடு போக்குவரத்து அதிகாரியின் கடிதம் ஒன்று வந்தது. வாசுதேவநல்லூரிலிருந்து காலை ஏழு மணிக்குப் புறப்படும் பஸ், சங்கரன்கோவில் ஸ்டேஷனில் எட்டரை மணி ரயிலைப் பிடிக்க வேண்டும் என்பதே அந்தத் தடத்தின் நிபந்தனை. அந்த வருஷத்தில் நாற்பத்தொரு நாள் ரயில் தவறியிருந்தது. ஆகவே டிசம்பர் முதல் தேதி தொடங்கி, மாதம் முழுவதும் ஒரு நாளேனும் தவறினால் தடம் வேறு கம்பெனிக்குப் போகும். கடைசி நாளன்று தாமே அந்த பஸ்ஸில் ஏறிப் பார்க்கப்போவதாக அதிகாரி எழுதியிருந்தார்.

முதலாளி காந்திமதியம்மாள் கடிதத்தை இரண்டு முறை படித்தார். கணவர் காலமான பிறகு கம்பெனியைத் தம் கையில் எடுத்து நடத்திவந்த அம்மையார் அவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“மானேஜர், இந்தத் தடம்தான் மத்த மூணு வண்டிக்கும் சோறு போடுது. இது போச்சுன்னா கம்பெனியை மூட வேண்டியதுதான். இருபத்திரண்டு குடும்பம். நீங்க என்ன செய்யப்போறீங்க?”

“கண்டிப்பைக் கூட்டுதேன், அம்மா.”

“கூட்டிப் பாருங்க,” என்றார் அவர். அந்தக் குரலில் நம்பிக்கை இருந்ததாகச் சொல்ல முடியாது.

கண்டிப்பைக் கூட்டியதன் பலன் ஒரே வாரத்தில் தெரிந்தது. அன்று காலை முத்துக்குமாரசாமியே வாசுதேவநல்லூர் வண்டியில் வந்துகொண்டிருந்தார். பாதி வழியில், ஒரு கண்மாய்க் கரையோரம், வண்டி இருமல்காரக் கிழவனைப் போல நாலு தரம் குலுங்கி நின்றுவிட்டது.

கண்டக்டர் ராஜதுரை படியில் நின்று குரல் கொடுத்தான். “டிக்கெட் வாங்கினவங்க எல்லாரும் இறங்குங்க. வாங்காதவன் எவனும் ஒளிஞ்சிருந்தா அவனும் இறங்குலே. தள்ள ஆள் பத்தலை.”

“கல்யாணத்துக்குப் போறோம்வே. வேட்டியப் பாரும், வெள்ளை வேட்டி,” என்றார் ஒருவர்.

“அப்போ முன்னாடி நின்னு இழுங்க, அண்ணாச்சி. பின்னாடிதான் கரி.”

தள்ளியும் பயனில்லை. ரயில் போயிற்று. மத்தியானம் வண்டியை மாடு பூட்டி ஷெட்டுக்கு இழுத்து வந்தார்கள். வண்டிகளைப் பழுதுபார்க்கும் பிட்டர் தாவீது உலையின் அடிப்புறத்தைத் திறந்து காட்டினார். சாம்பல் அள்ளும் சின்னக் கதவின் விளிம்பில் காற்றுப் புகாமல் அடைத்திருக்கும் கல்நார்க் கயிறு முற்றிலும் கருகிப்போயிருந்தது.

“இது ஒரு நாளில் கருகியதாகத் தெரியவில்லையே,” என்று முத்துக்குமாரசாமி டிரைவரைப் பார்த்தார். “மைதீன், உமக்கு எப்பத் தெரியும்?”

மைதீன் தலையைச் சொறிந்தார். “போன வெள்ளிக்கிழமை, அண்ணாச்சி.”

“தாவீது, உமக்கு?”

“அதுக்கு முந்தின புதன்.”

“எனக்கு அமாவாசைக்கே தெரியும்,” என்றான் ராஜதுரை, போட்டியில் ஜெயித்தவனைப் போல.

மானேஜருக்கு முகம் சிவந்தது. “இத்தனை பேருக்குத் தெரிஞ்சும் எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே. ஏன்?”

எல்லார் கண்ணும் ஒரு கணம் கதவுப் பக்கம் போய்த் திரும்பின. மூலையில் கரி சலித்துக்கொண்டிருந்த ஞானபூரணம் சல்லடையைக் கீழே வைத்தாள். ஷெட்டில் இருந்த ஒரே பெண்பிள்ளை அவள். கரியை உடைத்துத் தூசி போகச் சலித்து மூட்டை கட்டுவது அவள் வேலை.

“நான் சொல்லுதேன், ஐயா. கயிறு கெட்டிருக்குன்னு மைதீன் அண்ணாச்சி சொன்னா, வண்டி ஓட்டி அலுத்து வந்த மனுசன் உலைக்கு அடியில படுத்து அவரே மாத்தணும். அவருக்கு அந்த வேலை தெரியாது. தாவீது அண்ணாச்சி சொன்னா, அவர் ஒருத்தரே நாலு வண்டிக்கும் படுக்கணும். என் கதையைக் கேளுங்க. மேக்குப் பக்கம் மூணு ஓடு உடைஞ்சு, மழைத்தண்ணி அப்படியே கரியில வடியுது. ஈரக்கரியில எங்கன வாயு வரும்? பதினஞ்சு நாளாப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். சொன்னா நான்ல ஏணி வச்சுக் கூரையில ஏறணும். சேலையக் கட்டிக்கிட்டு எப்படி ஏற?”

ராஜதுரை சிரித்துவிட்டான். மற்றவர்களும் சிரித்தார்கள். முத்துக்குமாரசாமிக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் ஆபீசுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் பொழுது புலரும் வேளையில் ஆட்கள் ஷெட்டுக்கு வந்தபோது, மூன்றாம் நம்பர் வண்டிக்கு அடியில் இரண்டு கால்கள் தெரிந்தன. மானேஜரின் கால்கள். கச்சேரிக் கோட்டு ஆணியில் தொங்கியது. அவர் மல்லாந்து கிடந்து, சுத்தியலும் உளியுமாக, உலையின் தட்டில் கல்லாய் இறுகிப்போன சாம்பற்கட்டியைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன அண்ணாச்சி இது?” என்று குனிந்து கேட்டார் மைதீன்.

“இந்தக் கட்டியை நான் கண்டேன். சட்டப்படி நான்தானே செய்யணும்?”

பெயர்ந்த கட்டி அவர் மார்பிலே விழுந்தது. கண்ணில் சாம்பல். உளி வழுக்கி விரல் தோல் உரிந்தது. சுற்றி நின்றவர்கள் முதலில் வேடிக்கைதான் பார்த்தார்கள். கால் மணி கழிந்தது. அரை மணி கழிந்தது. பாதிக் கட்டிகூடப் பெயரவில்லை. கடைசியில் தாவீதுக்குப் பொறுக்கவில்லை.

“உளியை அப்படிப் பிடிக்கப்படாது, ஐயா. சாய்ச்சுப் பிடிங்க. ஏலே ராஜதுரை, விளக்கைக் காட்டு. மைதீன் பாய், நீங்க தட்டைத் தாங்குங்க.”

நாலு கை சேர்ந்ததும் பத்து நிமிஷத்தில் தட்டு சுத்தமாயிற்று. முத்துக்குமாரசாமி வெளியே தவழ்ந்து வந்தார். முகத்தில் கண்ணும் பல்லும் மட்டுமே வெள்ளையாயிருந்தன. அவர் அங்கேயே ஒரு கரிமூட்டையின்மேல் உட்கார்ந்தார்.

“ஒரு கண்மாயில் ஒரு கொக்கு ராஜாவாக இருந்தது,” என்று ஆரம்பித்தார். ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “கரையில் எவன் ஓட்டை கண்டாலும் அதை அவனே அடைக்க வேண்டும் என்று அது ஒரு கட்டளை போட்டது. ஒரு நாள் நண்டு ஒன்று கரையில் வளை தோண்டிவிட்டது. தவளை பார்த்தது, தன் கையால் எவ்வளவு மண்ணைச் சுமக்க முடியும் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டது. ஆமை பார்த்தது, தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. மீன் பார்த்தது, அதற்குக் கையே இல்லை. ராஜ்யத்தில் குறையே இல்லை என்று கொக்கு ஒற்றைக்காலில் நின்று சந்தோஷப்பட்டது. ஐப்பசி மழையில் கரை உடைந்தது. தண்ணீரோடு மீனும் போயிற்று, தவளையும் போயிற்று. காய்ந்த கண்மாயில் கொக்கு மட்டும் நின்றது.”

“கொக்கு முன்னாடி தாலுகா கச்சேரியில வேலை பாத்துதோ?” என்று ராஜதுரை மெல்லக் கேட்டான்.

மைதீன் அவன் விலாவில் இடித்தார். ஆனால் முத்துக்குமாரசாமி வாய்விட்டுச் சிரித்தார். அந்த ஷெட்டில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

“ஆமாவே. அந்தக் கொக்குதான் நான்,” என்று எழுந்து போய்க் கதவிலிருந்த காகிதத்தைக் கிழித்தார். மூன்று வருஷத்துப் பசை லேசில் விடவில்லை. நகத்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. “இனிமே தினமும் உலை மூட்டும் முன்னாடி பத்து நிமிஷம் எல்லாரும் இங்கன நிப்போம். நேத்து கண்ட குறையை அவங்கவங்க சொல்லணும். சொன்னவங்க உட்காரலாம். கேட்டவங்க எல்லாரும் சேர்ந்து செய்யணும், நான் உள்பட. இதை எழுதி ஒட்டப்போறதில்லை.”

சொல்லிவிட்டாரே தவிர, முதலில் யார் பேசுவது? மூன்று வருஷமாகப் பழகிய மௌனம் ஒரு பேச்சில் போய்விடுமா? அவரே தொடங்கினார்.

“என் குறையை முதல்ல சொல்லுதேன். தாவீது தீபாவளிக்கு முன்னாடியே கல்நார்க் கயிறு வேணும்னு சீட்டு எழுதிக் குடுத்தார். நான் வாங்கிக் குடுக்க மறந்தேன்.”

“தெரியும், ஐயா. சீட்டு உங்க மேஜை டிராயர்லதான் கிடக்கு,” என்றார் தாவீது.

“ஞாபகப்படுத்தியிருக்கலாமேவே.”

“ஞாபகப்படுத்தினா நான்ல திருநெல்வேலிக்குப் போய் வாங்கிட்டு வரணும்.”

அப்போது வெடித்த சிரிப்பில் ஷெட்டின் கூரையில் இருந்த புறாக்கள் எல்லாம் பறந்துபோயின. அதன் பிறகு வாய்கள் திறந்துகொண்டன. அன்று மட்டும் பத்தொன்பது குறைகள் வெளிவந்தன. சொன்னவர் உட்காரலாம் என்றால் யார்தான் சொல்லமாட்டார்கள்? உட்கார்ந்தவர்களும் வெகு நேரம் உட்காரவில்லை. நாலு பேர் வேலைசெய்யும்போது ஒருவன் சும்மா இருப்பது அப்படி ஒன்றும் சுகமான காரியம் அல்ல. சாயங்காலத்துக்குள் ராஜதுரை கூரையேறி ஓடு மாற்றினான். கீழிருந்து ஓடு எடுத்துக் கொடுத்தவர் மானேஜர். “ஏலே, அந்த ஓரத்து ஓட்டையும் பாத்துக்கோ,” என்று ஞானபூரணம் உட்கார்ந்தபடியே உத்தரவு போட்டாள். மறுநாள் கயிறு வாங்க முத்துக்குமாரசாமியே திருநெல்வேலிக்கு ரயிலேறினார்.

உலை மூட்டி, காற்றுச் சக்கரத்தைக் கையால் சுற்றி, வண்டி கிளம்ப முன்பெல்லாம் முக்கால் மணி பிடிக்கும். டிசம்பர் பிறக்கும்போது இருபது நிமிஷத்துக்கு வந்திருந்தது. வாயுவிலுள்ள தூசியை நிறுத்தும் வடிகட்டிக்கான தேங்காய் நாரை உலர்த்தி மூடி போட்ட தகர டப்பாவில் அடைத்து, அது எப்போதும் பின் சீட்டுக்கு அடியில் இருக்கட்டும் என்று ஞானபூரணம் சொன்னாள். நான்கு வண்டியிலும் தகரம் ஏறியது. முதல் வாரம் ரயில் தவறவில்லை. இரண்டாம் வாரம், மூன்றாம் வாரமும் தவறவில்லை. தள்ளுவதற்கென்றே பழைய வேட்டி கட்டி வந்தவர்கள் வெள்ளை வேட்டிக்கு மாறினார்கள்.

முப்பத்தொன்றாம் தேதி விடிந்தது. வாசுதேவநல்லூரில் மலையடிவாரத்துப் பனி இன்னும் விலகவில்லை. போக்குவரத்து அதிகாரி சுந்தரராஜ் தொப்பியோடு ஏறி முன் சீட்டில் அமர்ந்தார். பக்கத்தில் முத்துக்குமாரசாமி. இடமில்லாமல் நிறைந்த வண்டி சரியாக ஏழு மணிக்குப் புறப்பட்டது.

ஆறாவது மைலில், ஏற்றம் ஒன்றில், இழுவை குறைந்தது. மானேஜர் எட்டி மைல்கல்லைப் பார்த்தார். இன்னும் ஐந்து மைல் தாங்கினால் போதும், அதிகாரி இறங்கிவிடுவார், பிறகு நின்றால் நிற்கட்டும். மைதீனும் இப்படித்தான் நினைக்க வேண்டும் என்று அவர் மனம் வேண்டிக்கொண்டது. அடுத்த கணமே அந்த வேண்டுதலுக்காக அவர் வெட்கப்பட்டார்.

மைதீன் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். திரும்பி, அதிகாரியின் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

“ஐயா, வடிகட்டி அடைச்சிருக்கு. இப்படியே ஓட்டினா ரெண்டு மைல் போகும். அப்புறம் நின்னா நின்னதுதான். இப்ப அஞ்சு நிமிஷம் குடுத்தா ரயிலைப் பிடிச்சிரலாம்.”

சுந்தரராஜ் சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

ராஜதுரை பின் சீட்டுக்கு அடியிலிருந்து தகரத்தை உருவினான். மைதீன் திருகுகளைக் கழற்றினார். முத்துக்குமாரசாமி கோட்டோடு முழங்காலிட்டு, கொதிக்கும் மூடியைச் சாக்கால் பிடித்துத் தூக்கினார். நனைந்து கறுத்த நார் வெளியே வந்தது. உலர்ந்த நார் உள்ளே போயிற்று. ஒருவர் கையோடு ஒருவர் கை மோதவில்லை. ஒருவர் கேட்கும் முன்னே மற்றவர் நீட்டினார். பிரயாணிகள் இறங்க எழுந்தபோது, “உட்காருங்க, உட்காருங்க. தள்ளுத காலம் எல்லாம் மலையேறிப் போச்சு,” என்றான் ராஜதுரை.

நாலரை நிமிஷம். உறுமிக்கொண்டு கிளம்பிய வண்டி ஏற்றத்தை ஒரே மூச்சில் தாண்டியது. ஸ்டேஷன் வாசலில் அது நின்றபோது கைகாட்டி அப்போதுதான் இறங்கியிருந்தது. ரயிலின் புகை தூரத்தில் தெரிந்தது. பிரயாணிகள் சாவகாசமாக டிக்கெட் வாங்கப் போனார்கள்.

சுந்தரராஜ் கீழே இறங்கி மைதீனிடம் போனார். “எத்தனையோ கம்பெனி வண்டியில ஏறியிருக்கேன். என்னை வச்சுக்கிட்டுக் குறையைச் சொன்ன டிரைவர் நீர் ஒருத்தர்தான். தடம் போயிரும்னு பயம் இல்லையா?”

“பயந்தாம்யா,” என்றார் மைதீன். “ஆனா வாய் பழகிப்போச்சு.”

அதிகாரி சிரிக்காமலிருக்க வெகுவாக முயன்று தோற்றார். காகிதத்தை வண்டியின் முகப்பிலேயே விரித்துக் கையெழுத்திட்டார். வாசுதேவநல்லூர்த் தடம் இன்னும் மூன்று வருஷத்துக்குக் குமுதவல்லிக்கே. அதோடு, பனவடலிசத்திரத்துக்கு பஸ் வேண்டுமென்று ஜனங்கள் மனு கொடுத்து ஒரு வருஷம் ஆகிறது. அந்தத் தடத்தை நம்பி ஒப்படைக்க ஒரு கம்பெனியைத் தேடிக்கொண்டிருந்ததாகவும், இனித் தேட வேண்டியதில்லை என்றும் சொன்னார்.

முத்துக்குமாரசாமி அந்தக் காகிதத்தோடு ஷெட்டுக்குள் நுழைந்தபோது, அங்கே இருபது பேரோடு காந்திமதியம்மாளும் நின்றுகொண்டிருந்தார். அவர் ஷெட்டுக்குள் கால் வைத்தது அதுவே முதல் தரம். படித்துவிட்டுக் காகிதத்தை அவர் தம்மிடம் வைத்துக்கொள்ளவில்லை. ஞானபூரணம் கையில் கொடுத்தார். அங்கிருந்து அது தாவீதுக்குப் போயிற்று. தாவீதிடமிருந்து ஒவ்வொருவர் கைக்கும் போயிற்று. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் நெடுநேரம் அதை உற்றுப் பார்த்தார்கள். காகிதம் முழுக்கக் கரிக்கைத் தடம்.

தைப்பொங்கல் கழிந்த மறுநாள் காலை, தேரடியில் நின்ற பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, ராஜதுரை தொண்டை கிழியக் கூவினான்:

“பனவடலிசத்திரம், பனவடலிசத்திரம். உட்கார்ந்து போகலாம், வாங்க.”