தோல் கொடுத்தவன்

"எல்லாத்தையும் அழிச்சிடு. நான் கண்ணால பாக்கணும்" என்று சொல்லிக்கொண்டே என் முன்னாள் கணவன் ஆய்வகத்துக்குள் வந்து நின்றான்.

ஒன்றாக வாழ்ந்த நாளில் ஆராய்ச்சிக்காக அவன் கையிலிருந்து துளித் தோல் எடுத்திருந்தேன். அன்றைக்குத் தாராளமாகத்தான் கையை நீட்டினான். அந்தத் தோலை ஸ்டெம் செல்லாக மாற்றி, அதிலிருந்து இதயச் செல்களை வளர்த்து வைத்திருக்கிறேன். மாரடைப்பில் செத்துப்போன தசைக்கு ஒட்டுப்போட என்றாவது அவை உதவலாம். ஆனால் கொடுத்தவன் வேண்டாம் என்றால் அழித்தாக வேண்டும், அதுதான் விதி. விவாகரத்தில் வீட்டையே விட்டுக்கொடுத்தவன், இதில் மட்டும் ஒற்றைக்காலில் நின்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்குபேட்டரைத் திறந்து, அந்தச் செல்கள் வளரும் தட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ப்ளீச் பாட்டிலை அவன் கையில் திணித்தேன்.

"நீயே ஊத்து. ஆனா முதல்ல பாரு."

வேண்டாவெறுப்பாகக் குனிந்தான். தட்டில் செல்கள் எல்லாம் ஒன்றாகச் சுருங்கி விரிந்து துடித்துக்கொண்டிருந்தன.

"என்ன இது, ஆடுது?"

"உன் இதயம்தான். உனக்கு அப்படி ஒண்ணு இருக்குன்னு நானே இங்க வந்துதான் கண்டுபிடிச்சேன்."

அவன் சிரிக்கவில்லை. குனிந்தபடியே பாட்டில் மூடியைத் திருகியவன் பாதியில் நிறுத்தினான்.

"ஊத்தினா அதுக்கு வலிக்குமா?"

அத்தனை வருடத்தில் என்னைப் பார்த்து அவன் ஒரு தடவைகூடக் கேட்காத கேள்வி அது.

பாட்டிலைப் பிடுங்கி நானே ஊற்றினேன்.