அக்கா வாயால் வந்த உத்தரவு

அந்தத் தகடு வெட்டும் பட்டறைக்கு முதலாளி தம்பிதான். ஆனால் அவன் குரலை ஆட்கள் கேட்டதே இல்லை. வாயைத் திறந்தால் நாலு பேர் வேலையை விட்டு ஓடிவிடுவார்கள், அப்படியொரு நாக்கு. அதனால் ஆரம்பத்திலேயே ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. மாடி அறையில் அவன் அக்காவிடம் கத்துவான். அக்கா படியிறங்கி, அதையே நல்ல வார்த்தையாக மாற்றி ஆட்களிடம் சொல்லுவாள். பேருக்கு அவளும் ஒரு டைரக்டர். ஏறி இறங்கி முழங்கால் தேய்ந்ததுதான் அவள் கண்ட லாபம்.

வெட்டும் எந்திரத்தின் கதவைத் திறந்தால் எந்திரம் தானாக நின்றுவிடும். யார் கையும் உள்ளே சிக்கிவிடக் கூடாதே என்றுதான் அந்த ஏற்பாடு. அவசர ஆர்டர் வந்த வாரம், "சனியன், சும்மா சும்மா நிக்குது. அந்தக் கதவு சுவிட்சைக் கம்பி போட்டுக் கட்டச் சொல்லு, கதவு திறந்தாலும் ஓடட்டும்" என்றான் தம்பி. அக்காவுக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் இறங்கிப் போய், "இந்த ஒரு வாரம் மட்டும் கட்டிக்குங்கப்பா, பாத்து வேலை செய்யுங்க" என்றாள். அந்த வாரமே அந்த எந்திரத்தில் வேலை பார்த்த நெட்டையனின் விரல்கள் போயின.

இப்போது எல்லாரும் விசாரணை அதிகாரியின் அறைக்கு வெளியே, பெஞ்சில்.

"கம்பெனியை ஜெயில்ல போட முடியாதும்மா," என்றார் வக்கீல், அக்காவிடம். "கட்டச் சொன்ன ஆளைத்தான் போடுவாங்க. எல்லாரும் உங்களைத்தான் சொல்றாங்க. உங்க தம்பி வாயைத் திறந்தாத்தான் உங்களுக்கு வழி."

ஆட்கள் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளைத் திணறடித்தது. யார் மேல் கோபப்படுவது? கட்டுப்போட்ட கையோடு எதிரே இருந்த நெட்டையன், "மன்னிச்சிடுங்கக்கா, நடந்ததைத்தானே சொல்ல முடியும்" என்றான். விரலையும் கொடுத்துவிட்டு மன்னிப்பும் கேட்கிறான் மனுஷன்.

"டேய், நீ சொல்லித்தான் நான் சொன்னேன்னு சொல்லிடுடா," என்றாள் தம்பியிடம்.

"நீயே சொல்லேன்க்கா. எனக்குப் பேச வராதுன்னு தெரியாதா?"

"இதை நான் சொன்னா யாருடா நம்புவாங்க?"

உள்ளே கூப்பிட்டார்கள். "கதவைக் கட்டச் சொன்னது யாரு?" என்றார் அதிகாரி. ஆட்கள் வழக்கம்போல அக்காவைப் பார்த்தார்கள். அவள் வாயை இறுக மூடிக்கொண்டு தம்பியைப் பார்த்தாள். அவனுக்காகப் பேசிப் பேசி அலுத்துப்போயிருந்தாள்.

தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டான். ஆட்கள் முன்னால் முதல்முறையாகத் தன் சொந்தக் குரலில் பேசினான்.

"அக்காதாங்க சார்."

கத்தல் இல்லை, வசவு இல்லை. அவள் மாற்றிச் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு பணிவாக வந்திருக்காது.