பத்துக்கு நாலு

அவனை இசைக்குழுவில் எல்லோரும் காது என்றுதான் கூப்பிட்டார்கள். கிட்டார் வாசிக்கிறவனுக்கு விரல் என்றல்லவா பெயர் வைக்க வேண்டும் என்று புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். ஒரே ஒரு ஒத்திகையில் உட்கார்ந்து பார்த்தால் அந்தச் சிரிப்பு அடங்கிவிடும். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, குனிந்த தலை நிமிராமல், "பேஸ் கிட்டார்ல மூணாவது கம்பி இறங்கியிருக்கு" என்பான். நிறுத்திப் பார்த்தால் இறங்கித்தான் இருக்கும். ஒருநாள் ஒத்திகை அறையின் மின்விசிறி சுருதி மாறிவிட்டது என்றான். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மூன்றாம் நாள் மின்விசிறி நின்றுபோயிற்று.

அவனிடம் ஒரு வால்வு ஆம்ப் இருந்தது. கிட்டாரின் ஒலியைப் பெரிதாக்கும் மரப்பெட்டி. உள்ளே நான்கு கண்ணாடிக் குழல்கள். சுவிட்சைப் போட்டதும் பேசாது. ஐந்து நிமிடம் சூடேற வேண்டும். குழல்கள் மெல்லச் சிவந்து வருவதைப் பின்பக்கத்துக் கம்பிவலை வழியாகப் பார்த்தபடி அவன் காத்திருப்பான். தூரத்து ஊர் ஒன்றில் வீடு வீடாக விளக்கேற்றுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வான். அதோடு ஒரு பலகையில் திருகி வைத்த ஏழு பெடல்கள். காலால் மிதித்தால் ஒவ்வொன்றும் ஒலியை ஒரு விதமாக மாற்றும். எல்லாம் சேர்ந்தால் ஒரு ஆள் கனம். அவன் முதுகு அந்தக் கனத்தைக் கணக்கு வைத்திருந்தது.

வெள்ளி, சனி மாலைகளில் அவர்கள் ஒரு ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் வாசித்தார்கள். நான்கு வருடமாக அதுதான் குழுவுக்குச் சோறு. ஒருநாள் மேனேஜர் மேடைக்குப் பக்கத்து மேசையில் போய் உட்கார்ந்தார். எதிரே தன் உதவியாளரை உட்காரவைத்துப் பேசச் சொன்னார். உதவியாளரின் வாய் அசைந்தது. மேனேஜர் எழுந்து வந்தார்.

"அவன் என்ன சொன்னான்னு எனக்குக் கேக்கல. அடுத்த வெள்ளிக்கிழமைலேர்ந்து மேடைல சத்தம் போடற பெட்டி எதுவும் இருக்கக் கூடாது. எல்லாம் ஒயர்ல நேரா ஹால் ஸ்பீக்கருக்குப் போகணும். முடியாதுன்னா சொல்லிடுங்க, வேற குழு ரெடியா இருக்கு."

குழுவில் பேஸ் வாசித்ததும், ஒயர்களையும் ஒலி மிக்ஸரையும் பார்த்துக்கொண்டதும் காதுவின் மனைவியுடைய தம்பி. எல்லோருக்கும் அவன் மச்சான். அவன் மறுநாளே ஒரு டிஜிட்டல் மாடலரைக் கடன் வாங்கிக்கொண்டு வந்தான். சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு சின்னப் பெட்டி. எந்த ஆம்பையும் எந்தப் பெடலையும் கணக்குப் போட்டே நகலெடுத்துவிடும் என்றான். காது அதைக் கையில்கூடத் தொடவில்லை.

"பொம்மை நாய்க்குச் சோறு வைக்கச் சொல்றியா?"

"மாமா, பேசிட்டே இருந்தா வெள்ளிக்கிழமை வந்துரும். ஒரு பரீட்சை வச்சுக்கலாம். ஆம்பைப் பக்கத்து ரூம்ல வச்சு மைக் போட்டுடறேன். நான் பத்துத் தடவை வாசிக்கிறேன். சில தடவை ஆம்ப், சில தடவை இந்தப் பெட்டி. நீங்க ஹெட்போன் மாட்டிட்டு சுவரைப் பாத்து உக்காந்து எது எதுன்னு சொல்லணும். ஏழு சரியாச் சொல்லிட்டீங்கன்னா மேனேஜர்கிட்ட நானே போய்ச் சண்டை போடறேன்."

"ஏழு என்ன ஏழு. பத்தும் சொல்றேன்."

"சொல்லலன்னா?" என்றான் டிரம்ஸ் வாசிக்கிறவன். அவன் பெயர் இடி. வாசிப்பு மட்டுமல்ல, பேச்சும் அப்படித்தான்.

"சொல்லலன்னா பேரை மாத்திக்கிறேன்."

சுவரில் ஒலி அடங்குவதற்காக ஒட்டியிருந்த பஞ்சுத் தகடு முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள். காது அந்தக் குழிகளைப் பார்த்தபடி உட்கார்ந்தான். பின்னால் 'டக்' என்று சுவிட்சை மிதிக்கும் சத்தம். ஒரு வரி வாசிப்பு. "ஆம்ப்." மறுபடி டக். ஒரு வரி. "பெட்டி." மூன்றாவது வரி முடிந்தபோது அவனுக்குள் ஒன்று தெளிவாகத் தோன்றியது. மூன்றும் ஒன்றுதான். ஒரே தொண்டை, ஒரே மூச்சு.

அதைச் சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டான். மூன்றும் ஒன்றுதான் என்று சொன்னால் என்ன அர்த்தம்? பெட்டி அச்சு அசலாக ஆம்பைப் போலவே இருக்கிறது என்று அர்த்தம். தோற்றேன் என்று அர்த்தம். அதனால் வித்தியாசத்தைத் தேட ஆரம்பித்தான். ஐந்தாவதில் ஏதோ தகரம் தட்டுவதுபோல் இருந்தது. எட்டாவதில் அடிவயிற்றிலிருந்து வரும் கனம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தான்.

மச்சான் ஒரு தாளைப் பார்த்துக் கூட்டினான். "பத்துக்கு நாலு, மாமா."

யாரும் சிரிக்கவில்லை. இடிகூடச் சிரிக்கவில்லை. அதுதான் காதுவுக்கு ரொம்ப வலித்தது.

அந்த வெள்ளிக்கிழமையே குழு மாடலருக்கு மாறியது. ஆம்பையும் பெடல் பலகையையும் விற்றுக் கொடு என்று மச்சானிடமே கொடுத்தான். யாருக்கு என்று கேட்டுக்கொள்ளவில்லை. செத்த வீட்டுத் துணிமணியை யார் எடுத்துப் போனார்கள் என்று விசாரிப்பதுபோல இருந்தது அவனுக்கு. படுக்கையறை மூலையில் ஆம்ப் நின்ற இடத்தில் மனைவி செருப்பு அலமாரி வைத்தாள்.

மாடலர் பழகிவிட்டது. பொய் சொல்லக் கூடாது, முதுகு வலியும் போனது. போன இன்னொன்றைப் பற்றி அவன் யாரிடமும் பேசவில்லை. பேஸ் கம்பி இறங்கியிருப்பதாகக் கேட்கும், நாலு என்கிற எண் ஞாபகம் வரும், வாயை மூடிக்கொள்வான். எல்லோரும் கிட்டார் தலையில் ஆளுக்கொரு ட்யூனர் மாட்டிக்கொண்டார்கள். பச்சை விளக்கு எரிந்தால் சுருதி சரி. அவனும் ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டான்.

நான்கு மாதம் கழித்து ஒரு ஒலிப்பதிவு ஸ்டூடியோவின் முதலாளி அவனைத் தேடி வந்தார். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, வாசிக்கிறவர்கள் பத்து முறை வாசித்தால் எது சரி, எங்கே பிசகு என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். பகல் வேலை. மாதச் சம்பளம். இருபது வயதிலிருந்து அவன் தூக்கத்தில்கூட உட்கார்ந்திருந்த நாற்காலி அது.

"என் காது போயிருச்சு சார்" என்றான். முதலாளி விளையாட்டாகச் சொல்கிறான் என்று நினைத்தார். "இல்ல சார், நெசமாத்தான். என் மச்சான் இருக்கான், அவனைக் கேட்டுப் பாருங்க. சூட்டிகையான பையன்."

மச்சான் அங்கே வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடமாகிவிட்டது.

இத்தனையும் இப்போது எதற்கு என்றால், போன ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் தேநீர் குடிக்கும்போது, புதிதாகச் சேர்ந்த பாடகி, "அண்ணனை ஏன் காதுன்னு கூப்பிடறீங்க?" என்று கேட்டாள். மச்சான் ஸ்டூடியோ வேலையால் இன்னும் வந்துசேரவில்லை. இடி மின்விசிறிக் கதையைச் சொன்னான். சிரிப்பு கிடைத்ததும் சூடு பிடித்துவிட்டது. அந்தப் பரீட்சைக் கதைக்குத் தாவினான்.

"அதுல கூத்து என்னன்னா, பெட்டி அன்னைக்கு ஆன்லயே இல்லம்மா! இவன் மச்சானுக்கு அதை எப்படி செட் பண்றதுன்னே அப்போ தெரியல. காலைலேர்ந்து முட்டி மோதறான், டப்பாக்குள்ள கொசு மாட்டின மாதிரி சத்தம் வருது. கடைசில ஒயரைப் புடுங்கிப் போட்டுட்டு, சுவிட்சை மட்டும் டக்கு டக்குன்னு மிதிச்சான். பத்தும் ஆம்ப்தான்!"

பாடகி சிரித்தாள். காது தேநீர்க் குவளையைக் கீழே வைத்தான்.

"என்னது?"

இடி அவன் முகத்தைப் பார்த்தான். "அட... உனக்கு இன்னும் தெரியாதா? எப்பவோ சொல்லியிருப்பான்னுல்ல நெனச்சேன்."

"அப்ப நாலு?"

"எந்த நாலு?"

"பத்துக்கு நாலுன்னு சொன்னீங்களே."

"அதுவா?" இடியின் குரல் வாழ்க்கையில் முதல்முறையாகத் தணிந்தது. "நீ ஆறு தடவை ஆம்ப்னு சொன்னே. ஆறுன்னு சொன்னா, இன்னொரு தடவை வைடான்னு நிப்பே. அதனால நாலுன்னு வச்சோம். பொழப்பு போயிரும்ல காது... எல்லாருக்கும் புள்ளகுட்டி இருக்கு."

காது எழுந்து கிட்டாரை உறையில் போட்டான். மூன்றாவது வரி அவன் தலைக்குள் ஓடியது. மூன்றும் ஒன்றுதான். காது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அதைக் கேட்காதவன் இவன்.

வீட்டில் மனைவி கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் நிலைப்படியிலேயே நின்றான்.

"உனக்குத் தெரியுமா?"

எதைக் கேட்கிறான் என்று அவள் கேட்கவில்லை. அதிலேயே விடை இருந்தது. கையிலிருந்த சட்டையின் மடிப்பைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"அந்த வாரம் குளியலறையில குனிஞ்சவரு நிமிர முடியாம கத்தினீங்களே, ஞாபகம் இருக்கா? அதைத் தூக்காதீங்கன்னு எத்தனை தடவை சொன்னேன். நான் சொல்லிக் கேக்கல, தம்பி ஒரு வித்தை பண்ணான், கேட்டீங்க."

"ஸ்டூடியோக்காரர் வந்தப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்களே வேண்டாம்னுட்டு வந்து நின்னீங்க. அவனுக்கு அப்பத்தான் வேலைன்னு ஒண்ணு அமையுது. நான் யார் பக்கம் பேசறதாம்?" என்றாள். பிறகு இறங்கிய குரலில், "நாலா ஆறான்னு நீங்க இவ்ளோ பெருசா எடுத்துப்பீங்கன்னு யாருக்குத் தெரியும்?"

அவன் மூலைக்குப் போனான். செருப்பு அலமாரியைத் திறந்து செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

ஸ்டூடியோ இரண்டாவது மாடியில். அவன் அங்கே வந்ததே இல்லை. வந்தால் அந்த நாற்காலியைப் பார்க்க வேண்டியிருக்கும். கதவு கை அகலத் தடிமன். தோளைக் கொடுத்துத் தள்ளி உள்ளே போனான். மச்சான் அந்த நாற்காலியில்தான் இருந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மைக்குக்கு முன்னால், காதுவுடைய பழைய ஆம்ப். மூடியில் அவன் மனைவி எப்போதோ வைத்த டம்ளரின் வட்டத் தழும்புகூட அப்படியே இருந்தது. பின்பக்கத்தில் குழல்கள் சிவந்திருந்தன. இந்தத் தூரத்து ஊரில் இத்தனை நாளும் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

"வாங்க மாமா" என்றான் மச்சான். எழுந்தவன் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றான். "இடி போன் பண்ணான். நான் சொல்லணும் சொல்லணும்னுதான்..."

"ஆம்பை இங்கதான் வித்தியா?"

"முதலாளிக்குப் பிடிச்சிருந்தது. ரெக்கார்டிங்குக்கு வால்வு மாதிரி வராதுங்கறாரு."

காது சிரித்தான். சிரித்ததில் நாக்கு கசந்தது. "பெட்டி இருக்கா இங்க?"

"இருக்கு."

"மறுபடி வை. பத்துத் தடவை. இப்ப நிஜமா."

மச்சான் மறுத்துப் பார்த்தான். பிறகு ஒயர்களை மாட்டினான். பெட்டியை ஆன் செய்து, "பாத்துக்கங்க மாமா, லைட் எரியுது. சத்தியமா ரெண்டும் போகுது" என்றான். ஒரு கிட்டாரை எடுத்து மாட்டிக்கொண்டான். காது ஹெட்போனை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தான்.

டக். ஒரு வரி.

ஆம்ப். யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. மாடிப்படியில் ஏறி வருவது தன் வீட்டு ஆள்தான் என்று தெரிவதுபோலத் தெரிந்தது. வாய் திறந்தான். ஆனால் வார்த்தை வருவதற்கு முன் கழுத்து திரும்பிவிட்டது. மச்சானின் காலையும் சுவிட்சின் விளக்கையும் பார்த்தான். ஆம்ப்தான்.

"மாமா, திரும்பக் கூடாது."

திரும்பிக்கொண்டான். டக். ஒரு வரி. இது பெட்டி. நன்றாகவே இருந்தது, ஆனால் பெட்டி. தொடையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டான். கழுத்து மறுபடி திரும்பிற்று. பெட்டிதான்.

மூன்றாவது வரிக்கு அவன் காத்திருக்கவில்லை. காது அங்கேயேதான் இருந்திருக்கிறது, இரண்டரை வருடமாக, வாசலில் நிற்கிற விருந்தாளியைப் போல. போனது வேறு. இந்த வீட்டு மனிதர்களை நம்பி முதுகைக் காட்டி உட்கார இனி அவனால் முடியாது. அதற்கு எந்த ஊரில் பரீட்சை வைக்கிறார்கள்?

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"ரெண்டும் சரியா மாமா?" என்றான் மச்சான். குரலில் உண்மையாகவே ஆசை இருந்தது. "சொல்லுங்க, சரியாத்தானே கேட்டுச்சு?"

"ஆறாவது கம்பி இறங்கியிருக்கு."

மச்சான் அந்தக் கம்பியை மீட்டி, கிட்டார் தலையில் மாட்டியிருந்த ட்யூனரைத் தன் பக்கம் சாய்த்துப் பார்த்தான்.

"இல்லையே மாமா. பச்சையாத்தான் காட்டுது."

ட்யூனரின் முகம் மச்சானைப் பார்த்திருந்தது. இரண்டடி எடுத்து வைத்து எட்டிப் பார்த்தால் பச்சையா இல்லையா என்று தெரிந்துவிடும். காது அந்த இரண்டடியை வைக்கவில்லை.

"பச்சையாவே இருக்கட்டும். கொஞ்சம் ஏத்திக்க."

தடித்த கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான். கதவு மெதுவாக, ஒரு பெருமூச்சோடு, தானாக மூடிக்கொண்டது. உள்ளே மச்சான் கம்பியை ஏற்றுகிறானா என்று கேட்பதற்காகப் படிக்கட்டின் மேல்படியில் கொஞ்ச நேரம் நின்றான்.

அது ஸ்டூடியோ கதவு. மூடினால் எந்தச் சத்தமும் வெளியே வராது.