முள் காட்டிய பாரம்

"வூட்லயும் உங்கப்பா இப்படித்தான் நடப்பாராம்மா?"

பெரம்பலூர் கால் ஆஸ்பத்திரியில் டாக்டர் இப்படிக் கேட்டதும் கொளஞ்சி அப்பாவைப் பார்த்தாள். வகுப்பில் பேர் சொல்லிக் கூப்பிட்டாலே நடுங்கி, ஏழாவதோடு நின்றுவிட்ட பெண் அவள்.

அப்பா கருப்பண்ணனுக்குப் பாதத்தில் உணர்ச்சி செத்து வருஷக்கணக்காகிறது. போன கோடையில் புண் புரையோடிப் பெருவிரலை எடுத்துவிட்டார்கள். இப்போது ஆறியிருந்தது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் மறுபடி கல் சுமக்க வேண்டும். "டாக்டர் சீட்டு இல்லாம சேத்துக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்ட காண்ட்ராக்டர் அமிர்தலிங்கம், சீட்டைக் கையோடு வாங்கிப்போக அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

நடையைச் சோதிக்க டாக்டர் எடுத்து வந்த பூட்ஸுக்குள் காசு கனத்தில் வில்லைகள் பதித்திருந்தன. அவற்றிலிருந்து வயர் ஒரு பெட்டிக்குப் போயிற்று. மிதிக்கிற பாரத்தை அதில் வில்லைக்கு ஒரு முள் காட்டும். டாக்டர் முதலில் ஒரு வில்லைமேல் எடைக்கல்லை வைத்துப் பார்த்தார். அதன் முள் அச்சாக அந்த எடையில் நின்றது. பூட்ஸை அப்பாவுக்கு மாட்டிவிட்டார்.

"பெட்டி பொய் சொல்லாது. நடங்க."

"என்னடா, பூட்ஸு மாட்டுனதும் துரையாயிட்டே!" அமிர்தலிங்கம் சிரித்தார்.

அமிர்தலிங்கத்தின் தெருவைத் தாண்டும்போது செருப்பைக் கையில் தூக்கிக்கொள்கிற ஆள் கருப்பண்ணன். இன்றோ அவர் முகத்துக்கு நேரே பூட்ஸ் கால். முட்டைமேல் வைப்பதுபோல் வைத்து நடந்தார். பாரமே இல்லை என்பதுபோல் முட்கள் படுத்தே கிடந்தன. டாக்டர் சந்தோஷமாகப் பேனாவைத் திறந்தார். அப்போதுதான் அந்தக் கேள்வி.

ஆமாம்னு சொல்லு என்றது அப்பாவின் கண். கொளஞ்சிக்குப் புண் உடைந்த நாள் ஞாபகம் வந்தது. வீடு முழுக்க ரத்தத் தடம். அது தெரியாமல் அப்பா சோறு கேட்டார்.

"இல்லீங்க. இவரு எதிர்ல செருப்புக் காலோட நடக்க அப்பாவுக்குக் கூச்சம். அதான் பூப்போல வைக்கிறாரு."

"நானா செருப்பு வேணாங்கிறேன்?" என்றார் அமிர்தலிங்கம். டாக்டர் அவரை வெளியே போகச் சொன்னார். கல்லுக்குப் பதிலாகச் சுமந்து காட்ட, ஆஸ்பத்திரிச் சமையல்கட்டிலிருந்து அரிசி மூட்டை வந்தது.

தோளில் மூட்டை ஏறியதும் அப்பாவின் உடம்பு குவாரிக்கே போய்விட்டது. தொம் தொம்மென்று மிதித்தார். விரல் போன இடத்துக்கான முள் எகிறி ஓரத்தில் மோதியது.

டாக்டர் பேனாவை மூடினார். "இந்தக் காலோட கல்லு சுமந்தா பாதமே மிஞ்சாது. சீட்டு தர மாட்டேன்."

அப்பா மூட்டையை இறக்கினார். வயர் அறுந்துவிடாமல் பூட்ஸைக் கழற்றி வைத்தார்.

"அப்பா..."

அவர் திரும்பவில்லை. வாசலில் அமிர்தலிங்கம் நின்றிருந்தார். அப்பா தன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.