பச்சைப் பெயின்ட்

அத்தான் காலையிலிருந்தே என்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் அவர் ஒரு தம்ளரைக் கழுவி நான் பார்த்ததில்லை.

துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளை இழுத்துத் தேய்ந்துபோன குட்டை நீராவி என்ஜின் அது. தனக்கு வேண்டிய தண்ணீரை இரண்டு பக்கமும் தொட்டி கட்டித் தானே சுமக்கும். அது ஓய்ந்த பிறகு அதைக் காப்பாற்ற ஒரு சங்கம் கிளம்பியது. அத்தான்தான் தலைவர். மற்றவர்களும் அவரைப் போலவே வீட்டில் பேச்சு எடுபடாதவர்கள். ஞாயிறு தவறாமல் கொட்டகையில் கூடி, டீ குடித்து, பித்தளையைத் தேய்த்து, வருஷத்துக்கொரு முறை பச்சைப் பெயின்ட் அடிப்பார்கள். பழையதைச் சுரண்டிவிட்டு அடிக்கலாமே என்று ஒருமுறை கேட்டேன்.

"அடியில இருக்கிறது அசல் பெயின்ட் மாப்ளே. சுரண்டினா சரித்திரமே போயிடும்."

தொட்டியில் தண்ணீரும் ஊற்ற மாட்டார்கள், துருப்பிடித்துவிடுமாம். பாய்லருக்குக்கூட வெளியிலிருந்து குழாய் போட்டுத்தான் சோதனை முடித்தார்கள்.

இன்று துறைமுக அதிகாரி சோதித்துப் பார்க்க வருகிறார். என்ஜின் தன் தண்ணீரைச் சுமந்து, தானே யார்டின் கோடிவரை ஓடினால் கொட்டகையில் இருக்கலாம். இல்லையென்றால் பூங்காவுக்குப் போய்விடும், பிள்ளைகள் ஏறிக் குதிக்க. அத்தான் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அக்கா என்னை அனுப்பியிருந்தாள். "பக்கத்துலயே இருடா. சிரிச்சு மட்டும் வைக்காதே."

தொட்டியை நிரப்பினார்கள். அதிகாரி என்ஜினுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றார். அத்தான் மேலே ஏறினார். அப்போது என் கண்ணெதிரே பச்சைப் பெயின்ட் கொப்புளம்போல உப்பியது. சும்மா இருக்க முடியாமல் விரலால் அழுத்தினேன். உடைந்து தண்ணீர் பீச்சியது. இரும்பு எப்போதோ போய்விட்டிருக்கிறது, இத்தனை நாளும் பெயின்ட்தான் தொட்டியாக நின்றிருக்கிறது.

உள்ளங்கையால் ஓட்டையை அடைத்தேன். அத்தான் எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"மாப்ளே," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையை எடுத்தால் போதும். டீ, சங்கம், சரித்திரம் எல்லாவற்றுக்கும் முழுக்கு. அக்காவுக்குத் தம்ளர் கழுவ ஓர் ஆளும் கிடைக்கும்.

"என்ன பாத்துட்டு நிக்கிறீங்க? எடுங்க வண்டிய. என் நடைக்கு மேல போகாதீங்க."

விசில் அடித்தது. என்ஜின் ஒரு குலுக்கலோடு நகர்ந்தது. நான் தொட்டியில் கையை வைத்தபடி கூடவே நடந்தேன். சட்டைக் கைக்குள் இறங்கிய தண்ணீர் இடுப்புவரை வந்துவிட்டது. ஒரு முழம் தள்ளி இன்னொரு கொப்புளம் உப்பத் தொடங்கியது. மறு கையை அதன்மேல் வைத்து, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்தேன். யார்டின் கோடிக்கு இன்னும் பாதி தூரம் இருந்தது.